போர் பழக்கிய செவிகள்

எதிரியின் அசைவைக் கேட்கப் பழகிய காதுகள், போர் முடிந்ததும் பாட்டுக்குத் திரும்பிய கதை இது. அந்தக் கதையில் யாழ்ப்பாணத்து அரியாலைக்கும் பங்கு இருக்கிறது.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. அதற்குப் பிறகு அரியாலையில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவர் முதலில் தேடியது சைக்கிளை. சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் ஊன்றும்படி சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். டைனமோவின் தலையைப் பின்சில்லு ரயரோடு அழுத்தி விட்டுப் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட் ஆடலோட்டம். அது றேடியோவுக்கு நேரே ஆகாது. நாலு டயோட்டும் ஒரு கண்டென்சரும் வைத்து நேரோட்டமாக்கி, பற்றரி போடும் இடத்தில் இரண்டு வயரைக் கொழுவினால் பெட்டி பேசத் தொடங்கும். பற்றரி அப்போது தடைசெய்யப்பட்ட பொருள். இரவில் பிபிசி தமிழோசைக்கும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலிக்கும் இப்படித்தான் ஊர் ஊராகச் சில்லுகள் சுழன்றன. பக்கத்தில் ஜாம் போத்தல் விளக்கு எரியும். கேட்பவர்கள் சுற்றிவர இருப்பார்கள், சுற்றுகிறவர் வியர்த்துக்கொண்டிருப்பார்.

றேடியோ என்றால் பாதகமில்லை. கை தளர்ந்தால் சத்தம் குறையும், அவ்வளவுதான். கசெற் அப்படி மன்னிக்காது. கசெற்றின் நாடா வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். மோட்டருக்குத் தேவையான வோல்ட் கிடைக்காத கணமே நாடா மந்தமாகும், பாடகியின் குரல் பாடகரின் குரலாக இழுபடும், வயலின் அழத் தொடங்கும். கை மீண்டும் வேகம் பிடித்ததும் சுருதி மேலே ஏறும். இளையராஜாவின் பாட்டொன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சுருதி பிசகாமல் சுற்றித்தரக்கூடிய பையனுக்கு வீட்டில் தனி மதிப்பு இருந்தது. அவனுக்குத் தெரியாமலே அவன் ஒலிப்பொறியியலின் மிகப் பழைய சிக்கல் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். 1960களில் மேற்கு ஜெர்மனி வகுத்த டிஐஎன் 45500 என்ற தரவிதி, ஒரு நாடாக் கருவியை ஹைஃபை என்று அழைக்க வேண்டுமானால் அதன் வேகத் தடுமாற்றம் 0.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. மனிதக் காது அத்தனை நுட்பமானது. வெறும் கையால் அதை எட்ட முடியாது. ஆனாலும் எட்டப் பார்த்தார்கள்.

ஹைஃபை என்றதும் வசதி படைத்தவர் வரவேற்பறையில் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் பெட்டி என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. துல்லியமான ஒலிக்காக வாழ்நாளைக் கொடுத்தவர்களைத் தேடிக்கொண்டு போனால், அவர்களில் எத்தனையோ பேர் இராணுவச் சீருடையைக் கழற்றிவிட்டு வந்தவர்கள். ஒலி இல்லாத இடத்தில், அல்லது ஒலி என்றாலே ஆபத்து என்றிருந்த இடத்தில் இருந்துவிட்டு வந்தவருக்குத்தான் நல்ல ஒலியின் அருமை முழுதாகத் தெரிகிறது. அமெரிக்கச் சிப்பாய்க்குப் பொருந்தும் இந்த உண்மை, செல்லுக்கும் பொம்பருக்கும் காதைக் கொடுத்து ஆண்டுக்கணக்காய் வாழ்ந்த எங்களுக்கும் பொருந்தும்.

நள்ளிரவில் வாசித்த வாத்தியக்குழு

ஜாக் மல்லின் ஒரு மின்பொறியியலாளர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் சேர்ந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். வானொலிக் கருவிகளில் ராடார் ஏற்படுத்தும் இரைச்சலை நீக்குவது அவருடைய வேலை. இரவு வெகுநேரம் வேலை செய்வார். கூடவே பாட்டும் வேண்டும். பிபிசி நள்ளிரவோடு அடங்கிவிடும். ஜெர்மன் நிலையங்கள் மட்டும் விடியவிடிய இசை தந்தன, அதுவும் முழு வாத்தியக்குழுவின் இசை.

அதுதான் அவருக்கு இடித்தது. இசைத்தட்டு என்றால் ஊசி உராயும் சத்தம் இருக்கும். அன்றைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் நாலைந்து நிமிடத்துக்கு மேல் ஓடாது. வானொலிக்கென்று செய்த பெரிய தட்டு கால் மணி நேரம் ஓடும். இந்த இசையில் உராய்வும் இல்லை, இடைவெளியும் இல்லை. அப்படியானால் வாத்தியக்காரர்கள் இரவு இரண்டு மணிக்கு நேரில் வாசிக்க வேண்டும். ஹிட்லர் நினைத்தால் அதையும் செய்விப்பார் என்று மல்லின் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

1945 இல் போர் முடிந்தது. ஜெர்மனியர் விட்டுச்சென்ற மின்னணுக் கருவிகளைப் பார்த்து அறிக்கை எழுத மல்லினை அனுப்பினார்கள். பிராங்ஃபேர்ட் பக்கத்தில் ஒரு பிரித்தானிய அதிகாரியோடு பேச்சு இசைப் பக்கம் திரும்பியது. பாட் நவ்ஹைம் என்ற ஊரில் வானொலி நிலையம் வைத்திருக்கும் நாடாக் கருவியைக் கேட்டீர்களா என்றார் அந்த அதிகாரி. மல்லினுக்கு நம்பிக்கை வரவில்லை. ஜெர்மனியரின் நாடாக் கருவிகளை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார், அவை கரகரவென்று இரைந்தவை. முகாமுக்குத் திரும்பும் வழியில் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஒருகணம் யோசித்து, வண்டியை பாட் நவ்ஹைம் பக்கம் திருப்பினார்.

அங்கே ஒருவர் நாடாவை ஓடவிட்டார். வந்த ஒலி பதிவா, அடுத்த அறையில் நேரில் வாசிக்கிறார்களா என்று தேர்ந்த ஒரு பொறியியலாளரால் பிரித்தறிய முடியவில்லை.

அங்கே ஓடிய ஏஇஜி நிறுவனத்தின் மக்னெட்டோஃபோன் 1935 இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியிலேயே வெளிவந்த கருவிதான். இரைச்சல்தான் அதன் குறை. 1940 இல் ஜெர்மன் வானொலியின் ஆய்வுக்கூடத்தில் வால்ற்றர் வேபர் என்ற பொறியியலாளர் வேலை செய்துகொண்டிருந்தபோது, பழுதான அம்பிளிபயர் ஒன்று காதுக்குக் கேட்காத அளவு உயர்ந்த அதிர்வெண்ணில் தானாக அதிரத் தொடங்கியது. அந்த அதிர்வு பதிவோடு சேர்ந்து நாடாவில் ஏறியதும் இரைச்சல் அடங்கிப்போனது. நாடாவில் பூசிய இரும்பு ஒக்சைட்டுத் துகள்கள் மென்மையான ஒலியைப் பிடிக்கத் தயங்கும். உயர் அதிர்வெண் மின்னோட்டம் அவற்றை உலுப்பித் தளர்த்திவிடுவதால் நுண்ணிய ஒலியும் உள்ளபடி பதிகிறது. பின்னாளில் நாங்கள் பாட்டுப் பதிந்த ஒவ்வொரு நல்ல கசெற் ரெக்கோடரும் இந்த முறையில்தான் வேலை செய்தது.

நாசி அரசுக்கு இந்தத் துல்லியம் பொய் சொல்ல உதவியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தலைவர் எங்கே நின்று, எப்போது பேசினார் என்று கேட்பவர் ஊகிக்க முடியாதபடி முன்பே பதிந்த பேச்சை நேரடிப் பேச்சாக ஒலிபரப்பினார்கள். அதே கருவியைப் போர்க்களத்து நினைவுப்பொருள் என்ற சலுகையில் கழற்றித் துண்டுதுண்டாகப் பல பொதிகளில் வீட்டுக்கு அனுப்பினார் மல்லின். இரண்டு கருவிகள், ஐம்பது சுருள் நாடா. அவ்வளவுதான் அவருடைய முதல்.

சான் பிரான்சிஸ்கோ திரும்பி, ஒவ்வொரு துண்டாகப் பூட்டி, மின்சுற்றைத் தானே திருத்தி, 1946 மே 16 அன்று பொறியியலாளர் கூட்டமொன்றில் ஓடவிட்டுக் காட்டினார். நேரில் வாசிக்கும் இசையா, நாடாவா என்று அவையில் பலரால் சொல்ல முடியவில்லை. பாடகர் பிங் குரொஸ்பிக்கு வாராவாரம் நேரடி நிகழ்ச்சி செய்து சலித்திருந்தது. 1947 ஒக்ரோபரில் அவருடைய வானொலி நிகழ்ச்சி மல்லினின் ஜெர்மன் கருவிகளில் பதிவாகி ஒலிபரப்பானது. மல்லின் கத்தரியும் ஒட்டுநாடாவும் கொண்டு நிகழ்ச்சியைத் தொகுத்தார். குரொஸ்பி கொடுத்த 50,000 டொலரின் பலத்தில் அம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனம் 1948 இல் தனது முதல் நாடாக் கருவியை வெளியிட்டது. போரின்போது விமான ராடார்களுக்கு மோட்டர் செய்த நிறுவனம் அது. அதை நிறுவிய அலெக்சாண்டர் பொனியாட்டோஃப் ருஷ்யப் பேரரசின் கடற்படையில் விமானியாக இருந்தவர்.

கடலுக்கடியிலிருந்து வந்த செம்மை

மல்லினுடையது ஒரு கதை. இதே ஆண்டுகளில் டெக்கா நிறுவனத்தில் நடந்தது இன்னொன்று. பிரித்தானிய விமானப்படையின் கரையோரப் பிரிவுக்கு ஒரு தேவை இருந்தது: கடலில் கேட்கும் சுழலி ஒலி ஜெர்மன் நீர்மூழ்கியுடையதா, தங்களுடையதா என்று வீரர்கள் காதால் பிரித்தறிய வேண்டும். அந்தப் பயிற்சிக்கு இசைத்தட்டு வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒலியின் மேல் அதிர்வெண்களில் இருந்தது. சாதாரணத் தட்டு அவற்றைப் பிடிக்காது. ஆர்தர் ஹாடி என்ற பொறியியலாளரும் அவருடைய குழுவும் ஏறக்குறைய 14,000 ஹெர்ட்ஸ் வரை பதியக்கூடிய முறையை உருவாக்கினார்கள். போர் முடியும் தறுவாயில் அந்த முறை இசைக்கு வந்தது. டெக்காவின் தட்டில் வயலினின் வில் நரம்பில் உரசுவதை முதல்முறையாகக் கேட்டவர்கள், நீர்மூழ்கியைக் கேட்பதற்குச் செய்த ஏற்பாட்டில்தான் அதைக் கேட்டார்கள்.

மூன்றாவது கதை போல் கிளிப்ஷினுடையது. போர்க்காலத்தில் அவர் அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தின் ஹோப் என்ற ஊரில் வெடிமருந்துச் சோதனைத்தளத்தில் இராணுவ அதிகாரி. பகலில் குண்டு வெடிக்கும் இடம். மாலையில் அதிகாரிகள் குடியிருப்பில் அவர் செய்துவைத்த ஸ்பீக்கரைக் கேட்க ஆட்கள் வந்தார்கள். அறையின் மூலையில் அதைப் பொருத்தி வைத்தால், இரு சுவரும் சேர்ந்து ஸ்பீக்கரின் குழலாக மாறி ஆழ்ந்த ஒலியைப் பெருக்கும். 1946 இல் ஹோப்பிலேயே ஒரு தகரக் கொட்டிலில் தொழிலைத் தொடங்கினார். அந்த வடிவமைப்பு இன்றும் விற்பனையில் இருக்கிறது. எங்கள் நாற்சார் வீடுகளின் திறந்த விறாந்தையில் அது எடுபடாது. ஆனால் தடித்த சுண்ணாம்புச் சுவர் உள்ள மூலையறையில் வைத்தால் நாதஸ்வரம் எப்படிக் கேட்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு.

இங்கிலாந்தில் ஹைஃபை மோகம் பெரும்பாலும் கீழ்மட்டத்திலிருந்து வந்தது. ராடார் மெக்கானிக்குகளாகவும் சமிக்ஞைப் படையினராகவும் இருந்த ஆயிரக்கணக்கானோர் ஈயப்பற்று வைக்கவும் மின்சுற்று வரைபடம் வாசிக்கவும் இராணுவச் செலவில் கற்றுக்கொண்டு வீடு திரும்பினார்கள். இராணுவம் கழித்துவிட்ட வால்வுகளும் ட்ரான்ஸ்போமர்களும் லண்டன் கடைகளில் மலிவாகக் குவிந்தன. 1947 இல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வில்லியம்சன் என்பவரின் அம்பிளிபயர் வரைபடம் வந்ததும் உலகெங்கும் ஆட்கள் அதை வீட்டு மேசையில் செய்தார்கள். 1954 இல் வார்ஃப்டேல் நிறுவனத்தின் கில்பேர்ட் பிரிக்ஸ், லண்டன் ரோயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தை நிறைத்துக் கச்சேரியையும் அதன் பதிவையும் மாறிமாறிக் கேட்கவைத்தார். ஒரு ஸ்பீக்கரைக் கேட்பதற்கு மக்கள் ரிக்கற் வாங்கிக்கொண்டு போன காலம் அது.

கொழும்புக்கு வந்த படை வானொலி

இந்த ஓட்டம் இலங்கையைத் தொடாமல் போகவில்லை. உண்மையில் இலங்கையின் வானொலியே போர்க்கழிவிலிருந்து பிறந்தது. 1923 இல் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர் கொழும்பில் செய்த முதல் ஒலிபரப்புப் பரிசோதனைக்கு, முதலாம் உலகப் போரில் கைப்பற்றிய ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலி உதிரிகள் பயன்பட்டன. 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது.

அடுத்த போர் இன்னும் பெரிதாகக் கொடுத்தது. 1944 இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். பர்மாவிலும் மலாயாவிலும் வங்காளத்திலும் நின்ற படையினருக்குப் பாட்டும் செய்தியும் கொடுக்க அந்தப் பீடத்தின் ‘றேடியோ சீயாக்’ கொழும்பிலிருந்து இயங்கியது. அதற்கென வந்த 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கேட்டது. ஒலிவாங்கியின் முன் இருந்தவர்கள் சீருடைக்காரர்கள். பின்னாளில் பிபிசியில் பெயர்பெற்ற டேவிட் ஜேக்கப்ஸ் கடற்படையிலிருந்து வந்து கொழும்பில் அறிவிப்பாளராக இருந்தவர். வீட்டை விட்டு ஆயிரம் மைல் தள்ளி நிற்கும் ஒருவனின் பெயரை வாசித்து, அவன் கேட்ட பாட்டைப் போடுவது அவர்களுடைய வேலை.

1949 இல் அந்த ஒலிபரப்பி இலங்கை அரசின் கைக்கு வந்தது. அதன் பலத்தில்தான் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை எழுந்தது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒலித்ததற்கும், அகில இந்திய வானொலி திரைப்பாடலை ஒதுக்கிய 1950களில் இந்தியா முழுதும் கொழும்புக்குக் காது கொடுத்ததற்கும் பின்னால் இருந்தது படையினருக்காக இறக்கிய அந்தக் கருவி. நேயர் விருப்பத்தில் ஊரும் பேருமாக வாசித்துப் பாட்டுப் போட்டார்களே, அதில் சீயாக் வானொலியின் சாயலை நான் காண்கிறேன். அரியாலையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசற்படியில் இருந்து தங்கள் பெயர் வருமா என்று காத்திருந்தவர்கள், பர்மாக் காட்டில் காத்திருந்த சிப்பாயின் இடத்தில் இருந்தார்கள்.

சிப்பாயின் சம்பளத்தில் ஒரு சன்சுயி

படையிலிருந்தவர்களை ஒன்றாகக் கட்டிய ஹைஃபை மோகம் உச்சத்துக்குப் போனது வியட்நாம் போரில். அமெரிக்க இராணுவ முகாம்களில் படையினருக்கென்றே வரியில்லாக் கடைகள் இருந்தன. ஜப்பான் அப்போது உலகின் மிக நல்ல அம்பிளிபயர்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. சன்சுயி, அகாய், டியாக், பயனியர் என்ற பெயர்களை அமெரிக்க நகரங்கள் பரவலாக அறியுமுன் பத்தொன்பது இருபது வயதுச் சிப்பாய்கள் அறிந்திருந்தார்கள். கடையின் பட்டியலைப் பதுங்குகுழிக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டி, எந்த அம்பிளிபயருக்கு எந்த ஸ்பீக்கர் என்று வாதிட்டார்கள். சம்பளத்தைச் சேர்த்து வாங்கி ஊருக்குக் கப்பலில் அனுப்பினார்கள். விடுமுறைக்கு ஹொங்கொங் போனவர் வாங்கிவந்த அகாய் சுருள்நாடாக் கருவியைச் சுற்றி முகாமே கூடும்.

1965 முதல் போர்க்களத்திலிருந்து கடிதத்தைப்போலவே பேசிப் பதிந்த நாடாவையும் தபால் செலவின்றி வீட்டுக்கு அனுப்பலாம் என்று சட்டம் இருந்தது. மூன்று அங்குலச் சின்னச் சுருளில் மகன் பேசுவான், அம்மா அதே சுருளின் மேல் பதில் பேசி அனுப்புவாள். இந்த இடத்தை வாசிக்கும்போது யாழ்ப்பாணத்து வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது. சுவிசிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த கசெற்றுகளில் எங்கள் பிள்ளைகளும் பேசினார்கள். ஒரு பக்கம் முடியும்வரை பேசிவிட்டு, மிச்ச நாடாவில் இரண்டு பாட்டுப் பதிந்து அனுப்பியவர்கள் உண்டு.

அந்தச் சிப்பாய்கள் இப்போது எண்பதை அண்டியவர்கள். பலருடைய வீட்டில் அன்று வாங்கிய அதே அம்பிளிபயர் இன்னும் இருக்கிறது. மின்பகு கண்டென்சர்கள் முப்பது நாற்பது ஆண்டில் உலர்ந்துபோகும், முகப்பு விளக்கு எரிந்துபோகும், சுவிச்சுகளில் களிம்பு பிடிக்கும். எல்லாவற்றையும் மாற்றித் திருப்பி ஓடவிடுகிறார்கள். புதிய அம்பிளிபயர் வாங்க வசதி இல்லாமல் அல்ல. எந்த முகாமில் யாரோடு இருந்து அதைக் கேட்டார்கள் என்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. திரும்பி வராத நண்பன் விரும்பிய பாட்டை வேறு ஸ்பீக்கரில் கேட்க அவர்களுக்கு மனம் வருவதில்லை.

4,000 ஹெர்ட்ஸ்

இங்கே ஒரு கொடுமை இருக்கிறது, அதை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது. நல்ல ஒலியைத் தேடும் இந்த மனிதர்களின் காதைத்தான் போர் முதலில் உடைத்தது.

துப்பாக்கிச் சூடு காதருகே 140 டெசிபெலைத் தாண்டும். குண்டு வெடிப்பு அதற்கும் மேல். உட்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 15,000 இருக்கின்றன. பேரொலியில் அவை சாய்ந்து செத்துப்போனால் மறுபடி முளைப்பதில்லை. சேதம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்குகிறது. கேள்திறன் சோதனையின் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். சகரத்தையும் தகரத்தையும் தெளிவாகப் பிரித்துக் கேட்க உதவும் பகுதி அது. வயலினின் மினுக்கமும் தாளத்தின் கிணுகிணுப்பும் தங்கும் பகுதியும் அதுதான். அமெரிக்க முன்னாள் படையினர் திணைக்களம் இழப்பீடு வழங்கும் உடற்குறைகளில் முதலிடம் கை காலுக்கு அல்ல, காது இரைச்சலுக்கு. வெளியே எந்தச் சத்தமும் இல்லாதபோது காதுக்குள் ஓயாமல் கூவும் அந்த இரைச்சலோடுதான் அவர்கள் சன்சுயியின் முன் அமர்கிறார்கள்.

அரியாலைக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் கண்டி வீதியால் எங்கள் ஊரைக் கடந்து செம்மணி, நாவற்குழிப் பாலம் என்று போனது. பின்னால் செல் விழும் சத்தம் கேட்டபடியே போனது. 2000 மே மாதத்தில் போர்முனை அரியாலைக்கும் கொழும்புத்துறைக்கும் வந்து நின்றது. இந்த மண்ணில் ஆயுதம் ஏந்தியிருந்தவர்கள் இன்று தோட்டத்திலும் கடையிலும் வேலை செய்கிறார்கள். கால் இழந்தவரை ஊர் அடையாளம் காண்கிறது. காது கெட்டவரைக் கவனமில்லாதவர், கோபக்காரர், கூப்பிட்டால் திரும்பாதவர் என்று நினைத்துவிடுகிறது. தெற்கில் ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவரின் கேள்திறன் வரைபடத்தை எடுத்தாலும் பள்ளம் அதே 4,000 ஹெர்ட்ஸில்தான் இருக்கும். ஆயுதமே தொடாமல் பங்கருக்குள் குந்தியிருந்த அம்மாமாருக்கும் அப்படியே.

கெட்ட காதுக்கு ஹைஃபை எதற்கு என்று கேட்பவர் உண்டு. கெட்ட காதுக்குத்தான் அது அதிகம் வேண்டும். மயிர்க்கலங்கள் குறைந்த காதால் இரைச்சலிலிருந்து குரலைப் பிரித்தெடுப்பது கடினம். கரகரக்கும் சிறிய ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டக் கூட்ட அந்தக் காது மேலும் குழம்பும். சிதைவில்லாத ஒலியைத் தாழ்ந்த அளவில் வைத்தாலே சொல் விளங்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம். கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்கு நேர்கீழே பிள்ளைகளை இருத்திவைக்கும் நாங்கள் அந்த எல்லையை எவ்வளவு சீக்கிரம் தாண்டிவிடுகிறோம் என்பதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். பக்திக்கு அத்தனை சத்தம் தேவையில்லை என்று துணிந்து சொல்கிறேன். காதில் கூவல் உள்ளவர்கள் வயது போனால் அப்படித்தான் என்று இருந்துவிடாமல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

அலுமாரிக்குள் இருக்கும் தவில்

யாழ்ப்பாணத்து வீடுகளில் இப்போதும் பழைய ஒலி இருக்கிறது. றெக்கோடிங் பாரில் பட்டியல் கொடுத்துப் பதிவித்த டிடிகே, சோனி கசெற்றுகள். கல்யாண வீட்டிலும் கோயில் மடத்திலும் யாரோ பதிந்த சுருள் நாடாக்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப்போன அம்பிளிபயர். கடற்காற்றில் உப்பு இருப்பதால் அரியாலையில் செப்புத் தொடுமுனை பச்சை பிடிக்கும், ரப்பர் நாடாப்பட்டி உருகிக் கருப்புப் பசையாகும், ஸ்பீக்கர்க் கூம்பின் நுரைவிளிம்பு தொட்டால் உதிரும். இவை எல்லாம் திருத்தக்கூடியவை. நாடாவின் ஒக்சைட்டு உதிர்ந்தால் மட்டும் திருத்த முடியாது.

யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். அவருடைய தவிலை நேரில் கேட்டவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். மிச்சம் இருப்பது நாடாக்கள். தவிலின் ஒரு முகத்தில் குச்சி அடிக்கும் ஒலி கூர்மையாக மேலே பாய்ந்து கணத்தில் அடங்கும், மறுமுகத்தில் விரல்கூடுகள் அதைவிட விரைவாகப் பொரியும். பதிவுக் கருவிக்கு இதைவிடக் கடினமான சோதனை அதிகம் இல்லை. சராசரி கசெற் பெட்டியில் அந்த அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெறும் தடதடப்பாகக் கேட்கும். நல்ல கருவியில், தலைப்பகுதியைத் துடைத்துச் சரியான கோணத்தில் நிறுத்தி ஓடவிட்டால், அதே நாடாவில் அடிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி கேட்கத் தொடங்கும். தட்சணாமூர்த்தி அந்த இடைவெளியில் என்ன செய்தார் என்பதைக் கேட்கத்தான் எனக்கு ஹைஃபை வேண்டும். அங்கே குரல் கூடக் கிடையாது, வெறும் காலம், அதைப் பிரிக்கும் கைகள்.

மல்லின் 1999 இல் காலமானார். அவர் சேர்த்த கருவிகளும் நாடாக்களும் மினசோட்டா மாநிலத்தின் பேவக் ஒலிபரப்பு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. எங்களிடம் 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நூல்களோடு ஒலி ஆவணங்களையும் எண்ணிமமாக்கிச் சேர்த்துவருகிறது. அதன் கை எல்லா வீட்டு அலுமாரிக்கும் எட்டாது. ஊருக்கு ஓர் அறை போதும். 1918 முதல் சுதேசியத் திருநாள் கொண்டாடும் பழக்கமுள்ள, சனசமூக நிலையங்களைத் தன் காலில் நிறுத்திவைத்திருக்கும் அரியாலைக்கு இது பெரிய காரியமல்ல. வேகம் சீரான ஒரு கசெற் டெக், ஒரு சுருள்நாடாக் கருவி, 24 பிற்றில் பதியக்கூடிய ஒரு கணினி, ஈரப்பதம் புகாத ஓர் அலுமாரி. நாடாவை முதலில் வேகமாகச் சுற்றக்கூடாது. பூஞ்சணம் பிடித்ததை நல்லதோடு வைக்கக்கூடாது. பதியும் அன்று ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட வேண்டும், இரண்டாம் முறை ஓடுமா என்று யாருக்கும் தெரியாது. யாருடைய வீட்டிலிருந்து வந்தது, எந்தக் கோயில், எந்த ஆண்டு, யார் வாசித்தது என்பதைக் கொண்டுவந்தவரே ஒலிவாங்கியில் சொல்லிவிட்டால் அதுவும் சேர்ந்து பதிவாகும்.

அந்த அறையின் வேலையை யாரிடம் கொடுப்பது என்பதிலும் எனக்கு ஒரு விருப்பம் இருக்கிறது. தொலைத்தொடர்புக் கருவியைத் தோளில் சுமந்து, இரைச்சலுக்குள் ஒரு சொல்லைப் பிடிக்கப் பழகியவர்கள் இந்தக் குடாநாட்டில் இருக்கிறார்கள். அந்தத் திறமைக்குப் போர் முடிந்த 2009 க்குப் பிறகு யாரும் வேலை கொடுக்கவில்லை. ஈயப்பற்றுக்கோலும் நல்ல ஹெட்போனும் ஒரு மாதச் சம்பளமும் கொடுத்து அவர்களில் இரண்டு பேரை இருத்தலாம்.